லயம் சரியில்லை என்று எழுதினேன்

எங்கள் சங்கத்துக்கு ஒரு கூடமும், அதன் பின்னால் இரண்டு சிறிய அறைகளும் இருக்கின்றன. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழே இறங்கும் சந்தில், ஒரு மளிகைக் கடையின் குடோனுக்கு மேல் மாடி. இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பலகைத் தடுப்பு. வெள்ளையடித்திருப்பதால் சுவர் போலத் தெரியும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

சங்கத்தின் சொத்து ஓர் ஆர்மோனியம், இரண்டு மிருதங்கம், ஒரு தம்பூரா, இரண்டு வயலின். வாங்கிக் கொடுத்தவர்கள் கீழே சமவெளியில் இருப்பவர்கள். மலையில் இவை என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஐப்பசியில் மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மிருதங்கத்தின் தோல் தளர்ந்து, காலையில் சேர்த்த சுருதி மதியம் இருக்காது. ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் அழுந்தியபடியே கிடக்கும். வயலின் பெட்டியின் வெல்வெட்டில் பச்சையாகப் பூசணம் பூக்கும். இங்கே வீடுகளில் துணி அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது வழக்கம். அந்தச் சூட்டில் துணிக்கு ஈரம் பிடிக்காது. நாங்களும் வாத்திய அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை அணைக்காமல் வைத்திருக்கிறோம். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. குண்டு பல்பு இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. பஜாரில் எலக்ட்ரிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "பல்புக்காரம்மா வந்துட்டாங்க, அந்தப் பழைய டப்பாவை எடு" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

பல்பினால் ஆகாததைச் செய்ய, கோயமுத்தூரிலிருந்து வாத்தியம் பழுது பார்க்கும் ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வருவார். மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுவார், வார் இழுத்துக் கட்டுவார், ஆர்மோனியத்தைப் பிரித்து ஒவ்வொரு ரீடாகச் சுரண்டுவார். அவருக்குக் கொடுப்பதற்காகத்தான் இரண்டு அறைகளையும் பயிற்சிக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தோம்.

அப்போது சங்கத்தின் செயலாளர் நான். எனக்குச் சங்கீதம் தெரியாது. கோயமுத்தூரில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியவள். மினிட்ஸ் எழுத ஆள் தேவைப்பட்டது. எழுதத் தெரிந்தவள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

வெளியே மாட்டிய போர்டும் நான் எழுதியதுதான். 'அறைகள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும்' என்று பெரிய எழுத்திலும், 'இசைப் பயிற்சிக்கு மட்டும்' என்று அதன் கீழே சிறிய எழுத்திலும் எழுதியிருந்தேன். தலைப்பு பெரிது, துணைத்தலைப்பு சிறிது என்பது பத்திரிகைப் பழக்கம். முதல் வாரமே ஓர் இளம் ஜோடி பையுடன் மாடியேறி வந்து, "ஹாட் வாட்டர் எத்தனை மணி வரைக்குங்க வரும்?" என்று கேட்டார்கள். ஆர்மோனியம் வருமே தவிர வெந்நீர் வராது என்றேன். எழுத்தின் அளவை மாற்றி எழுதினோம்.

முன்பதிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியைத் தவறாமல் கேட்டு வாங்குபவர் ஒரு பெண். அரவேணு பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர், நாற்பது வயதிருக்கும். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியமர்த்தப்பட்டவர்கள். அப்பா எஸ்டேட் கோயில் பஜனையில் மிருதங்கம் வாசித்தவர். அவர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து மகளுக்கும் வந்துவிட்டது. அப்பாவும் இல்லை, அந்த மிருதங்கமும் தோல் கிழிந்து போயிற்று. வீட்டில் வாசிக்கவும் வழியில்லை. ஒரே கூரை, ஒட்டினாற்போல எட்டுக் குடும்பம், பக்கத்தில் கைக்குழந்தை. எனவே எங்கள் அறை, எங்கள் மிருதங்கம்.

விரல் நுனிகளில் தேயிலைக் கறை கறுப்பாக இருக்கும். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து ஒருநாள் அவரே சொன்னார்: "இப்பக் கொழுந்தைக் கத்தரியிலதாங்கம்மா வெட்டறோம். தோள்தான் போகுது. விரல் மிச்சம். மிருதங்கத்துக்குன்னே கத்தரி குடுத்த மாதிரி."

கோத்தகிரியில் ஒரு தனியார் பள்ளியில் வாரம் இரண்டு மதியம் மிருதங்கம் சொல்லித்தர ஆள் தேடினார்கள். இவர் போய்க் கேட்டார். வாசிக்கத் தெரியும் என்று சங்கத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டு வந்தால், பொங்கல் லீவு முடிந்ததும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, "இது லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் எஸ்டேட்ல யாருக்கும் தெரிய வேண்டாங்கம்மா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தெரியாத விஷயத்தைக் கேட்டு உறுதி செய்யாமல் எழுதக்கூடாது என்பது எனக்குப் பழகிப்போன விதி. வாசிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பழுது பார்க்கிறவரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். எத்தனையோ பேருடைய மிருதங்கங்கள் அவர் கையில் போய் வந்திருக்கின்றன. அவர் ஐப்பசி ஞாயிறு ஒன்றில் வந்திருந்தார்.

"நான் உள்ள போய் உட்கார்ந்தா அந்தப் புள்ளைக்குக் கை நடுங்குமுங்க அம்மணி. வெளிய நின்னே கேட்டுக்கறேன்" என்றார். டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அறைகளுக்கு முன்னால் இருக்கும் நடையில் போய் நின்றார்.

அதே நேரத்தில் பக்கத்து அறைக்குக் கல்யாண வீடுகளில் பாடும் இசைக்குழுவினர் வந்தார்கள். இந்த மலையின் படகர் சமூகத்துக் கல்யாணம் ஒன்று அடுத்த நாள். அதற்கான ஆட்டப் பாட்டுகளை ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். முன்பதிவில் அவர்கள் கேட்டிருந்தது நாலு மணி. "மூணுக்கே குடுங்கக்கா, நாலரைக்கு பஸ்ஸுங்க" என்றார்கள். இரண்டாவது மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற வேண்டியிருந்தது. வாடகையை விட மனமில்லை. சாவியைக் கொடுத்தேன்.

கால் மணி நேரம் கழித்து அவர் கூடத்துக்குத் திரும்பி வந்து, ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தபடி சொன்னார்: "கை நல்லாருக்குதுங்க. லயந்தான் சரியில்ல. லயத்தை உட்டு வெளிய போயிடறாங்க. லெட்டர் இப்ப வேண்டாமுங்க. மார்கழியில வர்றப்ப மறுக்காப் பார்க்கலாம்."

நான் பஜாருக்குப் போய்ப் பல்பு வாங்கி வருவதற்குள் அந்தப் பெண் பஸ்ஸுக்கு நேரமாகிக் கிளம்பிப் போயிருந்தார். சொன்னவர் சொன்னதை மாற்றாமல் போட வேண்டும் என்பது இன்னொரு விதி. அன்றிரவு அந்தப் பெண்ணின் போனுக்கு இப்படி அனுப்பினேன்:

'ஐயா கேட்டார். கை நன்றாக இருக்கிறதாம். லயம் சரியில்லை என்கிறார். லயத்தை விட்டு வெளியே போய்விடுகிறீர்களாம். கடிதம் இப்போது வேண்டாம், மார்கழியில் பார்க்கலாம்.'

இதில் இருந்த பிழை எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. படிக்கிறவர்களை அத்தனை நாள் காக்க வைக்க வேண்டியதில்லை. சங்கீதக்காரர்களுக்கு லயம் என்றால் வாசிப்பு ஓடாமலும் இழுக்காமலும் ஒரே நடையில் நிற்பது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு லயம் என்றால் எஸ்டேட் குடியிருப்பு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள். கோத்தகிரி டவுனில் நாங்கள் அதை லைன் வீடு என்போம். அந்தப் பெண்ணுக்கு இசைப் பொருள் தெரியாது. எனக்குக் குடியிருப்புப் பொருள் தெரியாது.

இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. மறுநாள் காலை, குழுவிலிருந்து அவர் வெளியேறிவிட்டார் என்று போன் காட்டியது.

எனக்குப் புரியவில்லை. மார்கழியில் பார்க்கலாம் என்று சொன்னதற்கா இந்தக் கோபம்? 'கை நன்றாக இருக்கிறது' என்று முதலில் சொல்லிவிட்டுத்தானே குறையைச் சொன்னேன்? செய்தியை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு அறையைத் திறந்து வைத்தேன், வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு அவர் வாயால் கேட்டேன். அவர் வீட்டில் பிளக் பாயிண்ட் கருகிக் கிடந்ததால் போனைப் பக்கத்து வீட்டில் சார்ஜுக்குப் போட்டிருந்தார். செய்தி வந்த சத்தம் கேட்டு, அங்கே உட்கார்ந்திருந்த, படிக்கத் தெரியாத அவருடைய அம்மா யாரிடமிருந்து என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த அக்காவின் மகள் கல்யாணமாகி எஸ்டேட் வீட்டுக்காகக் காத்திருப்பவள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில் சூப்பர்வைசரே கேட்டாராம்: "லயத்தை விட்டு வெளிய போறியாமே?"

எஸ்டேட்டில் வேலை இருக்கும் வரைதான் வீடு. இவர் வேலையை விடுவதாக இல்லை. பள்ளிக்குப் போகும் இரண்டு நாளும் மதியத்தோடு நின்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வாங்கிக்கொண்டால் பேர் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் இருக்கும், வீடும் இருக்கும் என்பது அவர் போட்டிருந்த திட்டம். ஆனால் போகிறார் என்று ஒருமுறை பேச்சு கிளம்பிவிட்டால் வீட்டை அடுத்தவர் பெயருக்கு எழுதிவிடுவார்கள். அந்தப் பேச்சு கிளம்பியது என்னுடைய செய்தியிலிருந்து.

மூன்றாவது ஞாயிறு மழைக்கு நடுவே, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா, ஒரு லெட்டர் வேணும்."

"ஐயா மார்கழியில வந்து கேட்டப்புறம் தர்றேனுங்க. அவசரப்படாதீங்க."

"ஸ்கூல் லெட்டர் இல்லீங்க. நான் லயத்தை விட்டுப் போகலைன்னு ஒரு லெட்டர்."

ரோஷக்காரர் என்று நினைத்தேன். "அதை எப்படிங்க நான் எழுதறது? எனக்கு லயத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். தெரியாமத்தான எழுதிட்டீங்க."

"நானா எழுதலீங்க. ஐயா சொன்னாரு."

"அவரு கோயமுத்தூர்க்காரரு. அவருக்கு எங்க லயத்தைப் பத்தி யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்ல வேண்டாமுங்க. அவரே கேட்டாரு."

"யாருகிட்டக் கேட்டாரு?"

"உங்ககிட்டதான். அதோ, அங்க நின்னு கேட்டாரு."

"என்கிட்ட அவரு ஒரு வார்த்தை கேக்கலீங்கம்மா. அவரு மூஞ்சியக்கூட அன்னைக்கு நான் பாக்கல."

"வெளிய நின்னு கேட்டாருங்க."

"வெளிய யாருகிட்ட? எங்க லயத்து ஆளுங்க யாரும் இங்க வர்றாங்களா?"

அவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைப் பார்த்தேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"லயம் பிறவியிலயே வர்றதுன்னு சொல்லுவாங்க. ஆனா பழகினாலும் வந்துருமாமுங்க. நீங்க பயப்படவே வேண்டாம்."

"நான் பிறந்ததே அங்கதாங்க."

"அப்புறமென்ன? லயத்துல நின்னாப் போதும்."

"நிக்க விடணுமில்லீங்க."

"யாரு விடமாட்டேங்கறாங்க?"

"ஆபீஸ்லதான். காம்பராவை எப்பக் காலி பண்றேன்னு கேட்டுட்டாங்க."

காம்பரா என்றால் அவர்கள் பேச்சில் அறை என்பது எனக்குத் தெரியும். எங்கள் பயிற்சி அறையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "உங்க நேரத்தை நான் யாருக்கும் குடுக்கலீங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணி உங்களுக்குத்தான்."

 அவர் குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அம்மா, நான் எங்க ஊட்டைச் சொல்றேன். நாலு இடத்துல ஓடு ஒழுகுது, வாஸ்தவம். அதை விட்டா எங்க லயத்துக்கு என்ன குறைச்சல்? சரியில்லைன்னு நீங்க எப்படி எழுதலாம்?"

"ஓடா?" என்றேன்.

 அப்போதுதான் எனக்குப் பழைய நாளிதழ் வேலை நினைவுக்கு வந்தது. நெல்லியாளம் பக்கத்திலிருந்து எழுதும் நிருபர் ஒருவர், தொழிலாளர் பிரச்சினை பற்றி அனுப்பும் செய்திகளில் 'லயத்தில் வசிக்கும்' என்று எழுதுவார். லைன் என்பதைத் தப்பாக எழுதுகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் அடித்துவிட்டு 'தொழிலாளர் குடியிருப்பில்' என்று மாற்றுவேன். அவரைக் கூப்பிட்டு ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தச் சொல் என் கையைத் தாண்டி அச்சுக்குப் போனதே இல்லை.

ஐயா சொன்னது வாசிப்பைப் பற்றி என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"நாங்க அதைத் தாளம்னு சொல்லுவோம். தாளம்னு எழுதியிருக்கலாமேம்மா."

"தாளம் வேற, லயம் வேறன்னு சொல்லுவாங்க."

"என்ன வேற?"

 எத்தனையோ கச்சேரி விமர்சனங்களில் அந்தச் சொல்லைத் திருத்தாமல் அனுப்பியிருக்கிறேன். அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டபோது பலகைத் தடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே அவருடன் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். விளக்கக் கடிதம் ஒன்றைத் தயாரித்துக் கையில் வைத்திருந்தேன். 'மேற்படி செய்தியில் லயம் என்றது வாத்தியம் வாசிக்கும் நடையையே. வசிக்கும் இடத்தை அல்ல. அவர் லயத்தை விட்டு வெளியே போவதாகச் சொன்னது வாசிப்பில் மட்டும்.' எனக்குத் தெளிவாகத்தான் பட்டது. கிளார்க் கண்ணாடியை மாட்டி, இரண்டு தரம் படித்தார்.

"புரியுதுங்க மேடம். லயம் சரியில்லைன்னு புகார். அப்ப இதை மெயின்டனன்ஸுக்கு அனுப்பணுமுங்க."

"இல்லீங்க. இது அந்த லயம் இல்லை."

"கீழ லயமா, மேல லயமா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்பப் போறாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"எதை விட்டு?" என்று கேட்டுவிட்டு, நானே குழம்பிப்போய் நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெண் கிளார்க்கின் மேஜைமேல் இருந்த ரிஜிஸ்டரைத் தள்ளி வைத்தார். பலகையில் இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்தார். மெதுவாக, பிறகு அதையே இரண்டு மடங்கு வேகத்தில், பிறகு மறுபடி பழைய இடத்துக்கு. எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம். அதன் முள் நகர்வதையும் அவர் கை விழுவதையும் மாறி மாறிப் பார்த்தேன். விலகியதாகத் தெரியவில்லை. கிளார்க்கின் கால் மேஜைக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்தது.

"இதுவா? இதுக்கா இத்தனை லெட்டரு?" என்றார் கிளார்க். புத்தகத்தில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே 'காலி இல்லை' என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தானே வாசிக்கறாங்க? இதுல எங்கீங்க சரியில்ல?" என்று கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வந்ததும் முன்பதிவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஞாயிறு, மூன்று மணி, இரண்டு அறையும் நிறைந்திருந்தது. படகர் ஆட்டப் பாட்டு மெதுவாக ஆரம்பித்து, ஆடுகிறவர்களோடு சேர்ந்து வேகம் கூடிக்கொண்டே போகும். நடுவில் பலகை. நடையில் நின்றவருக்கு இடது காதில் ஓர் அறை, வலது காதில் ஓர் அறை.

பழுது பார்க்கிறவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணை வாசிக்கச் சொல்லிப் போனிலேயே கேட்கிறீர்களா என்று கேட்டேன். "போன்ல சத்தம் முன்னப்பின்ன வருமுங்க அம்மணி. அதுல எல்லாம் லயம் சொல்ல முடியாது. நேர்லயே வந்து கேட்டுக்கறேன்" என்றார். மார்கழி வரை பொறுக்க வேண்டியதாயிற்று.

அவர் வந்த ஞாயிறு இசைக்குழுவினருக்கு அறை தரவில்லை. "ஏனுங்கக்கா, சங்கத்துல கர்ஃப்யூவா?" என்று கேலி செய்துவிட்டு இறங்கிப் போனார்கள். இந்த முறை அவரை உள்ளேயே உட்காரச் சொன்னேன். அந்தப் பெண் மிருதங்கத்தை அலமாரியிலிருந்து எடுத்து, பல்புச் சூடு இன்னும் தோலில் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, வாசித்தார். பழுது பார்க்கிறவர் கண்ணை மூடவுமில்லை, தலையை ஆட்டவுமில்லை. வார் எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பவர் போலவே இருந்தார்.

"சரியா இருக்குதுங்க. லெட்டர் குடுத்துருங்க" என்றார்.

"அப்ப அன்னிக்கு?"

"அதுதானுங்க எனக்கும் தெரியல. அன்னிக்கு நான் எந்த ரூமைக் கேட்டேன்னு இப்பச் சந்தேகமா இருக்குது. நடுவுல நின்னேன். ஒண்ணு ஓடுச்சு. ஓடினது இவுங்களா, அவுங்களா..." கையை விரித்தார்.

"நானும் ஓடினேங்க" என்றார் அந்தப் பெண். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். "ரெண்டு தடவை. அந்தப் பக்கம் வேகமாப் போனப்ப என் கையும் கூடவே போயிருச்சு. இழுத்துப் பிடிச்சுட்டேன். இதைத்தான் சொல்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா, ஆமான்னு ஒத்துக்கிட்டிருப்பேன். குரூப்பை விட்டே போயிருக்க மாட்டேன்."

ஆகவே, பழுது பார்க்கிறவர் அன்று சொன்னது சரியா தவறா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. அவர் தப்பாகக் கேட்டுச் சரியாகச் சொன்னாரா, சரியாகக் கேட்டும் வேறொருவரைப் பற்றிச் சொன்னாரா? சாவியை மூன்று மணிக்கே கொடுத்தது நான் என்பது மட்டும் நிச்சயம்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'லயம் நன்றாக உள்ளது' என்று ஆரம்பித்ததும், தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "அந்த வார்த்தை வேண்டாங்கம்மா" என்றார்.

பழுது பார்க்கிறவருக்கு அது பிடிக்கவில்லை. "தாளம்னு யாரு வேணா எழுதுவாங்க. லயம்னு எழுதினாத்தானுங்க மதிப்பு."

"ஸ்கூல்ல இருக்கிற ஆயா எங்க லயத்து ஆளுங்க. லயம் நல்லா இருக்குன்னு சங்கமே எழுதிக் குடுத்துருச்சுன்னு போய்ச் சொல்லுவாங்க. அப்புறம் ஒழுகற ஓட்டை யாரு மாத்துவாங்க?"

சொல்லிவிட்டு அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தார். 'தாளம் தவறாமல் வாசிக்கிறார்' என்று எழுதினேன். மேலே முகவரிக்கு இடம் விட்டிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: கீழ லயம், நாலாவது காம்பரா. பழைய பழக்கத்தில் பேனா 'தொழிலாளர் குடியிருப்பு' என்று போகப் பார்த்தது. அவர் சொன்னதையே எழுதினேன்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளியில் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் எஸ்டேட்டில் அரைப்பேர். பேர் செக்ரோலில் இருக்கிறது, வீடும் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலும் திரும்பச் சேர்ந்தார். வந்ததும் போட்ட முதல் செய்தி: 'ஞாயிறு 3 மணி ரூம் வேணும். பக்கத்து ரூம் காலியா இருந்தா நல்லது.' இசைக்குழுவில் ஒருவர் அதற்குக் கும்பிடு போட்டார். இப்போது மிருதங்கம் வாசிக்கும் நேரத்தில் பக்கத்து அறையை யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த வாடகை வராததால் இரண்டாவது மிருதங்கம் இன்னும் தோல் மாற்றாமல் அலமாரியில் பல்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

போன ஞாயிறு சாவி வாங்கிக்கொள்ளும்போது, லயத்தில் பேச்சு அடங்கிவிட்டதா என்று கேட்டேன்.

"எங்கீங்க அடங்குது? பக்கத்து காம்பரா அக்கா தண்ணி பிடிக்கறப்ப எல்லாம், எப்பப் போறேன்னு கேக்குது. லயம் சரியானாப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"எந்த லயம்னு நெனச்சுக்கிட்டாங்க?"

"தெரியலீங்க. ஆனா செவ்வாய்க்கிழமை ஆபீஸ்லருந்து ரெண்டு ஆளு ஏணியோட வந்து ஒழுகற ஓடெல்லாம் மாத்திட்டுப் போயிட்டாங்க. லயம் சரியில்லைன்னு ஒரு மேடம் லெட்டர் குடுத்திருக்காங்கன்னு சொன்னாங்க."

அது அன்று கிளார்க் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்த என் விளக்கக் கடிதமாகத்தான் இருக்க வேண்டும். அதில் எந்த வரியை எப்படிப் படித்தார்கள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் நடையில் நிற்காமல் கூடத்துக்கு வந்துவிட்டேன்.